ரயிலடி கேள்வி பதில்: ஹால்ட் டிக்கெட், லூப் லைன், நிறுத்தம் கேட்கும் மனு

பழைய வட ஆற்காட்டின் ரயில் பாதைகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அரக்கோணத்திலிருந்து காட்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகும் இரட்டைப் பாதை ஒன்று. காட்பாடியிலிருந்து வேலூர் கண்டோன்மென்ட், திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் போகும் ஒற்றைப் பாதை இரண்டாவது. காட்பாடியிலிருந்து சித்தூர் தாண்டிப் பாகாலாவுக்குப் போவது மூன்றாவது. மூன்றிலும் நாளைக்கு நாலைந்து வண்டி மட்டும் நிற்கிற சின்ன ஸ்டேஷன்கள் இருக்கின்றன. (அவற்றில் ஸ்டேஷன் மாஸ்டர்கூட இல்லாத மிகச் சின்னவற்றுக்கு ‘ஹால்ட்’ என்று பெயர்.) இந்த இதழில் அவற்றைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில்.

எங்கள் ஊர் ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் சில நாள் வருவதே இல்லை. ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. டிக்கெட் இல்லாமல் ஏறினால் இறங்குகிற இடத்தில் அபராதம் கேட்கிறார்கள். தப்பு எங்கள் மேல் இல்லாதபோது நாங்கள் ஏன் கட்ட வேண்டும்?
*வாசகி, வேலூர் தாலுகா*

கட்டத் தேவையில்லாத வழி சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் வண்டியில் ஏறுவதற்கு முன்பே அதைச் செய்ய வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு சொன்னால் எடுபடாது.

ரயில்வே சட்டம் 1989, பிரிவு 55-இன்படி, டிக்கெட் இல்லாதவர் ரயில்வே ஊழியரிடம் அனுமதி பெற்று ஏறலாம். அவர் தரும் சான்றுச் சீட்டு கையில் இருந்தால், பிரிவு 138-இன் கீழ் கூடுதல் கட்டணம் வாங்க முடியாது; பயணக் கட்டணம் மட்டும் கட்டினால் போதும். ஹால்ட்டில் நீங்கள் பார்க்கக்கூடிய ஒரே ரயில்வே ஊழியர் வண்டியின் கார்டுதான். (2022 முதல் அவருக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர்.) மெமு வண்டியில் (மின்சார பாசஞ்சர்) அவர் கடைசிப் பெட்டியின் பின்முனை கேபினில் இருப்பார். ஜன்னல் சாத்தியிருக்கிறது என்று தெரிந்ததுமே பிளாட்பாரத்தின் பின்கோடிக்கு நடந்துவிடுங்கள். வண்டி நின்றதும், “டிக்கெட் கவுன்ட்டர் மூடியிருக்குதுங்க, இன்ன ஊருக்குப் போகணும், சீட்டு கொடுங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்துப் பெட்டியில் ஏறுங்கள். சீட்டை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சீட்டு இல்லாமல் மாட்டினால் கட்டணத்தோடு, அதே அளவு தொகை அல்லது 250 ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது. பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு 260 ரூபாய் ஆகிவிடும்.

இரண்டாவது வழி ஆப். ரயில்வேயின் ரயில்ஒன் ஆப்பில் முன்பதிவில்லா டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுக்கலாம். இத்தனை கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்ற பழைய எல்லை 2024-லேயே நீக்கப்பட்டுவிட்டது. பிளாட்பாரத்துக்கு வந்த பிறகு எடுக்கப் பார்த்தால் ஆப் மறுக்கும். அங்கே க்யூஆர் கோடு ஒட்டியிருந்தால் அதை ஸ்கேன் செய்து எடுக்கலாம், இல்லையென்றால் முடியாது. ஹால்ட்டில் சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்கள் கிளம்பும்போதே வீட்டில் எடுத்துவிடுவது நல்லது. எடுத்த மூன்று மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். ரொம்ப முன்னாலேயும் எடுத்துவிடாதீர்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் டிக்கெட் இல்லாதவர் கணக்குதான். பேப்பர் இல்லாத டிக்கெட்டை ரத்து செய்யவும் முடியாது.

அந்த ஜன்னல் ஏன் சாத்தியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஹால்ட்டில் டிக்கெட் கொடுப்பவர் சம்பளக்காரர் இல்லை, உள்ளூர் கமிஷன் ஏஜென்ட். பக்கத்துப் பெரிய ஸ்டேஷனில் கைக்காசைக் கட்டி டிக்கெட் வாங்கி வந்து, வண்டி நேரத்துக்குத் திறந்து விற்பவர். பத்து ரூபாய் டிக்கெட் இருபது விற்றால் வசூலே 200 ரூபாய்தான். அவர் பங்கு அதில் ஒரு சிறு பகுதி. ஊரில் பாதிப் பேர் ‘வித்தவுட்’டில் போனால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அடுத்த ஏஜென்டுக்கும் ஆள் கிடைக்காது. ஜன்னல் திறந்திருக்கிற நாளில் ஆப்பை விட்டுவிட்டு அவரிடமே வாங்குங்கள் என்பது எங்கள் உறுதியான யோசனை.

அட்டை டிக்கெட் இன்னும் புழங்குகிற ஹால்ட் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். 57 மில்லிமீட்டர் நீளம், 30.5 அகலம் உள்ள அந்தக் கெட்டி அட்டைகளைக் குழாய் மாதிரியான தடுப்பில் அடுக்கி, அடியிலிருந்து ஒவ்வொன்றாக உருவித் தேதி அச்சில் அழுத்திக் கொடுப்பார்கள். அழுத்தம் குறைந்தால் தேதி மங்கலாக விழும். தேதி படிக்க முடியாத டிக்கெட்டைப் பரிசோதகர் பழைய டிக்கெட் என்று சந்தேகப்படலாம். ஜன்னலை விட்டு நகர்வதற்குள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தெளிவில்லை என்றால் மறுபடி அழுத்தித் தரச் சொல்லுங்கள்.

ஜோலார்பேட்டை பாசஞ்சர் யாருமே ஏறாத ஸ்டேஷனில் இருபது நிமிஷம் நிற்கிறது. எங்கள் ஊர் ஹால்ட்டில் அரை நிமிஷம்கூட நிற்பதில்லை. இது என்ன நியாயம்?
*வாசகர், ஆம்பூர்*

அந்த ஸ்டேஷனில் லூப் லைன் (மெயின் லைனிலிருந்து பிரிந்து மறுபடி அதிலேயே சேரும் பக்கப் பாதை) இருக்கிறது, உங்கள் ஹால்ட்டில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஹால்ட் என்பது ஓடுகிற பாதையின் ஓரத்தில் போட்ட பிளாட்பாரம். சிக்னல் கிடையாது, பாயிண்ட் (வண்டியைப் பாதை மாற்றிவிடும் இடம்) கிடையாது, ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. வண்டி அங்கே நிற்கிறவரை பின்னால் வரும் வண்டிக்கு வழி இல்லை. லூப் லைன் உள்ள ஸ்டேஷனில் பாசஞ்சரை ஓரமாக ஒதுக்கிவிட்டு எக்ஸ்பிரஸை மெயின் லைனில் விடலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிக்னல் உள்ள இரண்டு ஸ்டேஷனுக்கு இடையில் 9 கிலோமீட்டர், நடுவில் ஒரு ஹால்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாசஞ்சர் கிளம்பி, வேகம் பிடித்து, ஹால்ட்டில் நின்று, மறுபடி கிளம்பி அடுத்த ஸ்டேஷன் சேரச் சுமார் 12 நிமிஷம் ஆகும். 110 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற எக்ஸ்பிரஸ் அதே தூரத்தை 5 நிமிஷத்தில் கடக்கும். தானியங்கி சிக்னல் இல்லாத பாதையில், இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் என்பது அடிப்படை விதி. எக்ஸ்பிரஸ் பத்து நிமிஷம் பின்னால் வந்தால், பாசஞ்சர் சேருவதற்குள் அது சிக்னலில் மாட்டிக்கொள்ளும். அதனால் செக்‌ஷன் கன்ட்ரோலர் (அந்தப் பாதையில் எந்த வண்டி முதலில் போவது என்று முடிவு செய்பவர்) பாசஞ்சரை முன்கூட்டியே லூப்பில் போடச் சொல்கிறார். எக்ஸ்பிரஸ் மஞ்சள் சிக்னல் பார்த்து வேகம் குறைக்காமல் இருக்க, அது வருவதற்குப் பல நிமிஷம் முன்பே பாதை தயாராக இருக்க வேண்டும். அது கடந்த பிறகும், அடுத்த ஸ்டேஷனைத் தாண்டினால்தான் பாசஞ்சருக்கு லைன் கிளியர். முன்னால் பத்து, பின்னால் ஏழெட்டு. உங்கள் இருபது நிமிஷம் இப்படித்தான் சேர்கிறது. பின்னாலேயே இன்னொரு எக்ஸ்பிரஸ் வந்தால் கணக்கு இரட்டிப்பு.

உள்ளே உட்கார்ந்தபடியே இதைக் கண்டுபிடிக்கலாம். ஸ்டேஷனுக்கு வெளியிலேயே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்துக்குக் குறைந்து, பக்கவாட்டில் ஒரு உதறு உதறி, சக்கரங்கள் டகடகவென்று பாயிண்ட் தாண்டினால் லூப்பில் நுழைகிறது என்று அர்த்தம். நேராக ஒரே சீராக வந்து நின்றால் சீக்கிரம் கிளம்பிவிடும், டீக்கு இறங்காதீர்கள். விழுப்புரம் பாதையில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டி வந்து சேர்ந்தால்தான் உங்கள் வண்டி நகர முடியும். ‘கிராசிங்’ என்று பயணிகள் சொல்வது அதைத்தான்.

சோளிங்கர் என்று டிக்கெட் எடுத்தோம், கோயில் பக்கத்திலேயே இல்லையே! ‘ஆரணி ரோடு’, ‘வாலாஜா ரோடு’ என்றெல்லாம் பெயர் வைத்தது ஏன்?
*வாசகி, சென்னை*

ஸ்டேஷன் பெயரில் ‘ரோடு’ என்று இருந்தால் ஊர் அங்கே இல்லை, ஊருக்குப் போகிற ரோடு அங்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆரணி ரோடு ஸ்டேஷன் இருப்பது களம்பூரில். ஆரணிக்கு அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். சோளிங்கருக்கு அந்த ‘ரோடு’ எச்சரிக்கைகூட இல்லை. ஸ்டேஷன் இருப்பது பாணாவரத்தில், யோக நரசிம்மர் மலை பத்து கிலோமீட்டருக்கும் அப்பால். வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இருட்டிய பிறகு அங்கே இறங்குவது மாதிரித் திட்டம் போடாதீர்கள்.

வாலாஜா ரோட்டுக்கு இன்னொரு பெருமை. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ஓடத் தொடங்கியது ராயபுரத்துக்கும் இந்த வாலாஜாவுக்கும் இடையில்தான், சுமார் 100 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் பாதை போட்டவர்கள் பாலாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டி மேற்கே போகும் சாய்வைத்தான் முதலில் பார்த்தார்கள். ஆரணி, ஆற்காடு மாதிரி ஊர்கள் ஓரத்தில் நின்றுவிட்டன.

அம்மாவுக்கு முழங்கால் வலி. எங்கள் ஸ்டேஷன் பிளாட்பாரம் தரையோடு தரையாக இருக்கிறது. ஏற்றி இறக்க என்ன வழி?
*வாசகர், போளூர் பக்கம்*

முதலில் உயரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பிளாட்பாரங்கள் மூன்று வகை. தண்டவாள மட்டத்திலேயே இருப்பது ஒன்று, 455 மில்லிமீட்டர் வரை உயர்த்தியது ஒன்று, 760 முதல் 840 மில்லிமீட்டர் உள்ள உயர் பிளாட்பாரம் ஒன்று. பெட்டியின் தரை தண்டவாளத்திலிருந்து சுமார் ஒன்றேகால் மீட்டர். உயர் பிளாட்பாரத்தில் ஏற முழங்கால் உயரம் தூக்கினால் போதும். தரை மட்டப் பிளாட்பாரத்தில் ஏணி ஏறுவது மாதிரி.

சில சின்ன ஸ்டேஷன்களில் பிளாட்பாரத்தின் ஒரு பகுதி மட்டும் உயர்த்தப்பட்டிருக்கும். பகலில் ஒருமுறை கோடிக்குக் கோடி நடந்து பார்த்து எந்த இடம் உயரம் என்று குறித்து வையுங்கள். இரண்டு முனைகளும் சரிவாக இறங்கும், அங்கே நிற்கவே கூடாது. ஏறும்போது பையை முதலில் உள்ளே வையுங்கள். ஒருவர் மேலே ஏறி நின்று கை கொடுக்க, ஒருவர் கீழே பின்னால் நிற்க வேண்டும். அம்மா வலி இல்லாத காலை முதலில் மேல் படியில் வைக்கட்டும். இறங்கும்போது இதற்கு நேர்மாறு: வலிக்கிற கால் முதலில் கீழே வரட்டும். முகம் பெட்டியைப் பார்க்க, இரண்டு கைப்பிடியையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக ஒவ்வொரு படியாக. நிறையப் பேர் வெளியே பார்த்தபடி இறங்கி, கடைசிப் படிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி தெரியாமல் குதித்துவிடுகிறார்கள். முட்டி அப்போதுதான் போகிறது.

வண்டி ஒரு நிமிஷம்தான் நிற்கும் என்பதால் முந்தைய ஸ்டேஷன் தாண்டியதுமே கதவருகே உட்கார வைத்துவிடுங்கள். இறங்க முடியாமல் வண்டி நகர்ந்துவிட்டால் விட்டுவிடுங்கள், அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வரலாம். வயதானவர் படியில் தொங்கும்போதே வண்டி நகர்ந்தால் மட்டும் யோசிக்காமல் சங்கிலியை இழுங்கள். காரணமில்லாமல் இழுத்தால்தான் பிரிவு 141-இன்படி தண்டனை.

மஞ்சள் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்ட உயரம் எழுதியிருக்கிறதே, யாருக்கு அது?
*மாணவர், காட்பாடி*

பாதையின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க வேண்டியவர்களுக்கு. அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன் பலகைகளின் எண்களைக் கழித்து, இடையில் உள்ள தூரத்தால் வகுத்தால் சராசரிச் சாய்வு வந்துவிடும். 10 கிலோமீட்டரில் 30 மீட்டர் வித்தியாசம் என்றால் 333 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். காட்பாடியிலிருந்து ஜோலார்பேட்டை வரை ஒவ்வொரு பலகையாகக் குறித்துக்கொண்டே போங்கள். பாலாறு இறங்கி வருகிற திசைக்கு எதிரே ரயில் ஏறிப் போவது உங்கள் நோட்டிலேயே தெரியும்.

எங்கள் ஊரில் ஒரு எக்ஸ்பிரஸ் நிற்க வேண்டும் என்று மூன்று வருஷமாக மனு கொடுக்கிறோம். “பரிசீலனையில் உள்ளது” என்பதைத் தவிரப் பதில் இல்லை. எப்படி எழுதினால் நடக்கும்?
*கிராம நலச் சங்கத்தார், திருப்பத்தூர் மாவட்டம்*

நீங்கள் அனுப்பிய மனுவின் நகலைப் பார்த்தோம். ஒன்பது எக்ஸ்பிரஸ் வண்டிகளின் பெயர் இருக்கிறது. ஒன்றின் எண்கூட இல்லை. எத்தனை பேர் ஏறுவார்கள் என்பதும் இல்லை. “மக்கள் பெரிதும் அவதிப்படுகிறார்கள்” என்ற வாக்கியம் மட்டும் நான்கு இடத்தில் இருக்கிறது. அவதி உண்மைதான், ஆனால் அதிகாரியின் மேசையில் எண்ணோடுதான் எண் மோதும். ஒரு நிறுத்தம் என்றால் வண்டி வேகம் குறைந்து, நின்று, மறுபடி வேகம் பிடிக்க ஐந்து நிமிஷம் வரை போகும். அதற்கான மின்சாரச் செலவு வேறு. அதைவிட அதிகம் வரும் என்று நீங்கள் காட்ட வேண்டும்.

யாரிடம் என்பதில் தொடங்குங்கள். அரக்கோணம்–ஜோலார்பேட்டை பாதை சென்னைக் கோட்டம். வேலூர் கண்டோன்மென்ட்டிலிருந்து விழுப்புரம் பக்கம் திருச்சிக் கோட்டம். உங்களுடையது சென்னைக் கோட்டம். கோட்ட மேலாளருக்கு எழுதி, வணிகப் பிரிவுக்கும் இயக்கப் பிரிவுக்கும் நகல் போடுங்கள், தொகுதி எம்.பி.க்கும் ஒன்று.

பிறகு, தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு விண்ணப்பம். கடந்த 12 மாதங்களில், மாதவாரியாக, உங்கள் ஸ்டேஷனிலிருந்து கொடுத்த டிக்கெட் எண்ணிக்கை, வருமானம். கவுன்ட்டரில் விற்றது, ஆப்பில் எடுத்தது, சீசன் டிக்கெட் மூன்றும் தனித்தனியாக என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வருகிற எண் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் சீசன் டிக்கெட்டைப் பெரிய ஸ்டேஷனிலேயே, அந்த ஸ்டேஷன் பெயரை முதலில் போட்டு எடுத்துவிடுகிறார்கள். அந்த டிக்கெட் இரண்டு பக்கமும் செல்லும். ஆனால் புறப்படும் ஸ்டேஷன் என்று பதிவாவது பெரிய ஊர். ஆப்பில் எடுக்கும்போது ‘புறப்படும் இடம்’ என்ற கட்டத்தில் உங்கள் ஊரையே போடச் சொல்லுங்கள். இதற்குக் காசு அதிகம் ஆகாது. மூன்று மாத சீசன் எடுத்தால் மாத சீசனைப் போல 2.7 மடங்குதான், அதுவும் லாபம்.

அடுத்தது நேரடிக் கணக்கெடுப்பு. ஒரு நோட்டில் நாலு பத்தி: தேதி, வண்டி எண், ஏறியவர், இறங்கியவர். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு நாளும் எடுங்கள். திங்கள் காலையும் சனி மாலையும் மட்டும் எண்ணினால் கூட்டம் பெரிதாகத் தெரியும், ஆனால் சரிபார்க்க ஆள் வந்தால் மானம் போகும். இப்போது பக்கத்துப் பெரிய ஸ்டேஷனுக்கு பஸ்ஸில் போய் அந்த எக்ஸ்பிரஸைப் பிடிக்கிறவர்கள் எத்தனை பேர் என்பதை வீடு வீடாகக் கேட்டுத் தனித் தாளில் எழுதுங்கள். எதற்குப் போகிறார்கள் என்பதும் வேண்டும்: கல்லூரி, சி.எம்.சி. ஆஸ்பத்திரி, சென்னை வேலை.

இதையெல்லாம் வைத்து ஒரே ஒரு வண்டியைக் கேளுங்கள், ஐந்து இலக்க எண்ணோடு, போகும்போதும் வரும்போதும். எந்த வண்டி என்பதில்தான் நிறைய ஊர்கள் தோற்கின்றன. 24 பெட்டி எல்.எச்.பி. (புதிய வகைப் பெட்டி) வண்டி எஞ்சினோடு சேர்த்துக் கிட்டத்தட்ட 600 மீட்டர் நீளம். 12 பெட்டி மெமுவுக்கு அளவெடுத்துக் கட்டிய பிளாட்பாரம் அதில் பாதிகூடத் தாங்காது. மீதிப் பெட்டிக்காரர்கள் ஜல்லியில் இறங்க வேண்டும். பிளாட்பாரத்தை டேப் பிடித்து அளந்து, அதற்குள் அடங்குகிற வண்டியைத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே பல ஊர்களில் நிற்கிற மெதுவான எக்ஸ்பிரஸ் என்றால் இன்னும் நல்லது.

கிடைத்தால் பெரும்பாலும் ஆறு மாதச் சோதனை நிறுத்தமாகத்தான் கிடைக்கும். மாலை போட்டு வரவேற்கிற நாளோடு ஊர் ஓய்ந்துவிடக் கூடாது. அந்த ஆறு மாதமும் உங்கள் ஸ்டேஷன் பெயரில் டிக்கெட் விற்றால்தான் வண்டி ஏழாவது மாதமும் நிற்கும். மாதா மாதம் எண்ணிக்கையை ஊர்ப் பலகையில் எழுதி வையுங்கள்.

இலவம்பாடி முள் கத்திரிக்காய் இரண்டு மூட்டை எடுத்துப் போகிறேன். லக்கேஜ் கட்ட வேண்டுமா?
*விவசாயி, அணைக்கட்டு*

இரண்டாம் வகுப்பில் ஒருவருக்கு 35 கிலோ வரை இலவசம். அதற்கு மேல் 70 கிலோ வரை லக்கேஜ் கட்டணம் கட்டி எடுக்கலாம். அந்தக் கட்டணத்தை ஹால்ட்டில் கட்ட முடியாது, பார்சல் ஆபீஸ் உள்ள ஸ்டேஷனில்தான். கட்டாமல் மாட்டினால் பல மடங்கு வசூலிப்பார்கள். அதனால் 30 கிலோ மூட்டையாகக் கட்டி, ஆளுக்கு ஒன்று, ஆளுக்கு ஒரு டிக்கெட் என்று போவதே உங்களுக்குக் கட்டுப்படியாகும். கதவு வழியை மட்டும் அடைக்காதீர்கள்.

ரயில்வே கேட்டை எடுத்துவிட்டுச் சுரங்கப்பாதை போட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடுப்பளவு தண்ணீர். புகார் சொன்னால் “எந்த இடம்?” என்று கேட்டே போனை வைத்துவிடுகிறார்கள்.
*வாசகி, குடியாத்தம் வட்டம்*

சுற்றியுள்ள வயலைவிடத் தாழ்வாகத் தோண்டிய இடம் என்பதால் மழைத் தண்ணீரும் ஊற்றுத் தண்ணீரும் இரண்டும் சேர்கின்றன. வடிகால் அடைத்திருந்தால் மழை நின்றும் தண்ணீர் இறங்காது. மோட்டார் வைத்து இறைத்தால்தான் உண்டு. தண்ணீர் நிற்கும்போது தண்டவாளத்தின் மேல் ஏறிக் கடப்பவர்கள் மேல் பிரிவு 147-இன்படி வழக்கு போடலாம். அதைவிட, மின்சார எஞ்சின் வண்டி சத்தமில்லாமல் பக்கத்தில் வந்துவிடும் என்பதுதான் பயம்.

இடத்தைச் சொல்ல ஊர்ப் பெயர் போதாது. பாதை ஓரத்தில் மின்கம்பி தாங்கும் இரும்புக் கம்பத்தில் ஒரு சிறிய தகடு இருக்கும், இரண்டு எண்களோடு. மேலே உள்ளது கிலோமீட்டர், கீழே உள்ளது அந்தக் கிலோமீட்டரில் அது எத்தனையாவது கம்பம். 143, 12 என்று இருந்தால் “கிலோமீட்டர் 143-இல் 12” என்று சொல்லுங்கள். தண்டவாளத்தில் ஏறாமல் சாலை ஓரத்திலிருந்தே படிக்கலாம், இல்லையென்றால் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். சுரங்கப்பாதைச் சுவரில் பால எண்ணும் எழுதியிருக்கும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகடு தெரிகிற படம் ஒன்று, சுவரில் தண்ணீர் எட்டிய உயரம் தெரிகிற படம் ஒன்று, இரண்டையும் ரயில்மதத் என்ற ரயில்வே புகார் ஆப்பில் ஏற்றுங்கள். 139 என்ற ரயில்வே உதவி எண்ணுக்குப் பேசினாலும் பதிவு எண் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்துக்கு முன்பே, புரட்டாசியிலேயே, வடிகால் தூர் வாரச் சொல்லி ஒரு கடிதம் கோட்டப் பொறியியல் பிரிவுக்குப் போகட்டும், அதே கம்ப எண்ணைப் போட்டு.